ஒருவலைப் போர்ட்டும் பல்வலைப் போர்ட்டும்: வலைப்பின்னல் சுவிட்சுகளின் பழுதறிதலும் கலைச்சொல் தேர்வும் (நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப் பேச்சை முன்வைத்து)

1. முன்னுரை

கேரளத்தின் தென்கோடியில் உள்ள நெய்யாற்றின்கரை வட்டமும் அதனுள் அடங்கிய பாறசாலையும் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டி அமைந்தவை. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநிலச் சீரமைப்பின்போது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆட்சி எல்லையை ஒரு கோடாக வரைய முடிந்தது. பேச்சு எல்லையை அவ்வாறு வரைய இயலவில்லை. கோட்டின் இருபுறத்தும் தமிழும் மலையாளமும் இன்றும் கலந்தே வழங்குகின்றன.

இத்தகைய பகுதிகளின் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இன்று கணிப்பொறி வலைப்பின்னல் இன்றியமையாததாகிவிட்டது. கேரள அரசு 2023 சூன் 5 ஆம் நாள் தொடங்கிவைத்த கே-ஃபோன் என்னும் ஒளியிழை வலைப்பின்னல், ஏறத்தாழ 30,000 அரசு அலுவலகங்களை இணைக்கும் நோக்குடன் திட்டமிடப்பட்டதாகும். வலைக்கருவிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பழுது நேரும்போதோ விளக்கம் வாய்மொழியாகவும் தொலைபேசி வழியாகவும் தாய்மொழியிலேயே நிகழ்கிறது. எனவே கையேட்டைப் பெயர்ப்பவர் தேரும் சொல், ஒரு கருவி இயங்குவதையும் இயங்காமற்போவதையும் தீர்மானிக்கும் நிலை உண்டாகிறது.

வலைப்பின்னல் சுவிட்சுகளில் ஆக்சஸ், ட்ரங்க் என்னும் இருவகைப் போர்ட் ஒதுக்கீடுகளில் நேரும் பழுதுகளை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விளக்கத்தின் வழியே, கலைச்சொல்லின் தகுதியை அகராதிப் பட்டியலில் மட்டுமன்றிப் பழுதறியும் வாக்கியத்திலும் சோதித்தறிதல் வேண்டும் என்னும் கருத்தை அது முன்வைக்கிறது.

2. சுவிட்சின் அமைப்பு

சுவிட்ச் என்பது ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிகள், அச்சுப்பொறிகள் முதலியவற்றைக் கம்பி வழியே ஒன்றோடொன்று இணைக்கும் கருவியாகும். கம்பி செருகப்படும் ஒவ்வொரு வாயும் போர்ட் எனப்படும். கணிப்பொறி அனுப்பும் செய்தி, சட்டகம் எனப்படும் சிறு கூறுகளாகப் பிரிந்து செல்லும். ஒரே சுவிட்சில் இணைந்த கருவிகளைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவின் சட்டகம் மற்றொரு குழுவினுள் புகாதவாறு காக்கும் ஏற்பாடு மெய்ந்நிகர் உள்ளிட வலை ஆகும். தொழில்நுட்பர் வழக்கில் இது விலான் எனப்படுகிறது. ஓர் ஊராட்சி அலுவலகத்தில் கணக்குப் பிரிவு 10 ஆம் விலானிலும், பொதுமக்கள் சேவைப் பிரிவு 20 ஆம் விலானிலும், கண்காணிப்புக் கேமராக்கள் 30 ஆம் விலானிலும் உள்ளன எனக் கொள்க. மூன்றும் ஒரே கருவியில் இணைந்திருப்பினும் ஒன்றையொன்று அறியா.

அதே அலுவலகத்தின் மாடியில் இரண்டாவது சுவிட்ச் ஒன்று இருப்பின், இரண்டையும் இணைக்கும் ஒற்றைக் கம்பியில் மூன்று விலான்களின் சட்டகங்களும் கலந்து செல்ல வேண்டும். மறுமுனையில் உள்ள சுவிட்ச், எந்தச் சட்டகம் எந்த விலானுக்குரியது என எவ்வாறு அறியும்? இதற்கெனச் சட்டகத்தினுள் 4 பைட் அளவுள்ள முத்திரை ஒன்று செருகப்படுகிறது. 1998 இல் வெளியான 802.1 கியூ என்னும் தரநிலை இதனை வரையறுத்தது. முத்திரையுள் விலானின் எண்ணுக்கு 12 பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றால் 4096 எண்கள் கிடைக்கும். 0, 4095 என்னும் இரண்டும் ஒதுக்கிவைக்கப்பட்டமையால் எஞ்சியவை 4094.

ஆக்சஸ் போர்ட் ஒரே ஒரு விலானுக்குரியது. அதன்வழி வெளியேறும் சட்டகத்தில் முத்திரை இராது. அதன்வழி உள்வரும் முத்திரையில்லாச் சட்டகம் அந்த ஒரு விலானுக்குரியதாகக் கொள்ளப்படும். ஆகவே அதில் இணைந்த கணிப்பொறி, தான் எந்த விலானில் உள்ளது என்பதை அறிய வேண்டுவதில்லை. ட்ரங்க் போர்ட் பல விலான்களின் சட்டகங்களை முத்திரையுடன் சுமந்து செல்கிறது. எனினும் ட்ரங்க் போர்ட்டிலும் ஒரு விலானின் சட்டகங்கள் மட்டும் முத்திரையின்றிச் செல்லலாம். இதற்கு நேட்டிவ் விலான் என்று பெயர். சிஸ்கோ நிறுவனச் சுவிட்சுகளில், மாற்றப்படாதவரை இது 1 ஆம் விலானாக இருக்கும்.

3. முத்திரையில்லாச் சொல்

மேற்கூறிய ஏற்பாட்டை மொழியியலார் எளிதில் உணர்வதற்கு எல்லைப்புறப் பேச்சு துணை செய்கிறது. 'வெள்ளம்' என்னும் சொல் மலையாளத்தில் நீரைக் குறிக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து வட்டார வழக்கிலும் அதற்கு அப்பொருள் உண்டு. தமிழகத்தின் பிற பகுதிகளிலோ அது பெருக்கெடுத்த நீரையே குறிக்கும். 'சம்சாரம்' மலையாளத்தில் பேச்சு. தமிழ்ப் பேச்சுவழக்கில் மனைவி. 'அவசரம்' மலையாளத்தில் வாய்ப்பு, தமிழில் விரைவு. இச்சொற்களை மலையாள எழுத்திலோ தமிழ் எழுத்திலோ எழுதினால், எழுத்தே முத்திரையாக நின்று பொருளை உணர்த்திவிடும். பேச்சில் அம்முத்திரை இல்லை. முத்திரையில்லாச் சொல்லுக்குக் கேட்பவர் தம் பக்கத்து இயல்பான பொருளையே கொள்வர்.

ட்ரங்க் இணைப்பின் இரு முனைகளிலும் நேட்டிவ் விலான் வேறுபடும்போது நிகழ்வதும் இதுவே. ஒரு முனை 10 ஆம் விலானின் சட்டகத்தை முத்திரையின்றி அனுப்புகிறது. மறுமுனை தன் ஒதுக்கீட்டின்படி அதனை 20 ஆம் விலானுக்குரியதாகக் கொள்கிறது. இரு முனைகளும் தத்தம் விதிப்படி சரியாகவே இயங்குகின்றன. பிழை அவற்றுக்கு இடையில் உள்ளது.

தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் சொற்களைத் திசைச்சொல் என உரையாசிரியர்கள் விளக்கினர். அவர்கள் சுட்டிய நிலங்களுள் குட்டநாடும் குடநாடும் மேற்குக் கடற்கரை சார்ந்தவை. இயற்சொல் அந்நிலத்தார்க்கு அடையாளமின்றியே பொருள் தரும். திசைச்சொல்லுக்கு அது பிறந்த திசையை அறிதல் வேண்டும். முத்திரை வேண்டாதது, வேண்டுவது என்னும் இவ்வேறுபாடு தமிழ் இலக்கண மரபுக்குப் புதியதன்று.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. இருமொழி பேசுவோர் இடம், கேட்போர், சூழல் ஆகியவற்றைக் கொண்டு பொருளைத் திருத்திக்கொள்வர். மகாராட்டிர, கருநாடக எல்லைப் பகுதியைச் சார்ந்த குப்வார் என்னும் சிற்றூரில் மராத்தி, உருது, கன்னடம் ஆகியவை இலக்கண அமைப்பில் ஒன்றையொன்று நெருங்கியதைக் கம்பர்சும் வில்சனும் 1971 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மனிதர் பேச்சு இவ்வாறு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். சுவிட்சுக்குச் சூழல் தெரியாது. முத்திரையும் ஒதுக்கீடும் மட்டுமே தெரியும். எனவே அதற்கு இடப்படும் ஆணையிலும் அவ்வாணையை விளக்கும் சொல்லிலும் ஐயத்துக்கு இடமிருத்தல் ஆகாது.

4. பழுதுகளும் அவற்றை அறியும் முறையும்

போர்ட் ஒதுக்கீட்டுப் பழுதுகளுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு: கம்பி சரியாக இருக்கும், போர்ட்டின் விளக்கும் எரியும், ஆயினும் செய்தி சென்று சேராது. விளக்கு எரிவது மின்னிணைப்பைக் காட்டுமேயன்றி விலான் ஒதுக்கீட்டைக் காட்டாது. அடிக்கடி நேரும் பழுதுகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

அ) ஆக்சஸ் போர்ட் தவறான விலானில் இருத்தல். கணக்குப் பிரிவுக் கணிப்பொறி 10 ஆம் விலானுக்குரிய முகவரியைப் பெறாமல் 20 ஆம் விலானுக்குரிய முகவரியைப் பெறும். முகவரி வழங்கும் ஏற்பாடே அவ்விலானில் இல்லையெனில், 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தானே அமைத்துக்கொள்ளும். ஆகவே முகவரியே முதல் தடயமாகும்.

ஆ) விலான் நீக்கப்பட்டிருத்தல். சிஸ்கோ சுவிட்சில் ஒரு விலானை நீக்கினால், அதற்கு ஒதுக்கப்பட்ட போர்ட்டுகள் வேறு விலானுக்குத் தாமே மாறுவதில்லை, செயலற்று நிற்கும். 'ஷோ விலான் பிரீஃப்' என்னும் ஆணை தரும் பட்டியலிலும் அவை தோன்றா. ட்ரங்க் போர்ட்டுகளும் அப்பட்டியலில் தோன்றுவதில்லை. அவற்றை 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' என்னும் ஆணையால் காண வேண்டும். பட்டியலில் இல்லாத போர்ட்டைப் பழுதுற்றது எனப் புதியவர் முடிவுசெய்தல் இதனால் நேர்கிறது.

இ) ஒரு முனை ஆக்சஸ், மறுமுனை ட்ரங்க் என இருத்தல். முத்திரையின்றிச் செல்லும் ஒரு விலானின் சட்டகங்கள் மட்டும் கடந்து செல்லும். பிற விலான்கள் நின்றுவிடும். ஒரு பிரிவு இயங்க மற்றப் பிரிவுகள் இயங்காமை இதன் அறிகுறி. இரு முனைகளும் 'டைனமிக் ஆட்டோ' என்னும் தானியங்கு நிலையில் இருந்தாலும் இவ்விளைவு உண்டாகும். அந்நிலையில் உள்ள போர்ட், மறுமுனை அழைத்தால் மட்டுமே ட்ரங்க் ஆகும். இரண்டும் அழைப்புக்குக் காத்திருந்தால் இரண்டும் ஆக்சஸ் ஆகவே நிற்கும்.

ஈ) அனுமதிப் பட்டியல் மாறிவிடுதல். ட்ரங்க் போர்ட்டில் 10, 20 ஆகிய விலான்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன. 30 ஐயும் சேர்க்க வேண்டும் எனக் கொள்க. 'சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் 30' என ஆணையிட்டால் 30 சேர்க்கப்படுவதில்லை. பழைய பட்டியல் அழிந்து 30 மட்டுமே எஞ்சும். சேர்ப்பதற்கு 'அலவ்டு விலான்' என்பதன்பின் 'ஆட்' என்னும் சொல் இடம்பெற வேண்டும். சுவிட்சை மேலாளும் விலானே இவ்வாறு நீங்கிவிடின், தொலைவிலிருந்து ஆணையிட்டவர் அச்சுவிட்சை மீண்டும் எட்ட இயலாது. திருவனந்தபுரத்தில் இருப்பவர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்து பாறசாலைக்கு நேரில் வரவேண்டியிருக்கும்.

உ) நேட்டிவ் விலான் வேறுபடுதல். முன்னர்க் கூறியவாறு ஒரு குழுவின் சட்டகங்கள் மற்றொரு குழுவினுள் கசியும். இது இயங்காமை மட்டுமன்று, பாதுகாப்புக் குறைபாடுமாகும். அண்டைக் கருவிகளை அறியும் நெறிமுறை இயங்கும் சிஸ்கோ சுவிட்சுகள் இவ்வேறுபாட்டைப் பதிவேட்டில் எச்சரிக்கையாகக் காட்டும்.

ஊ) நிறுவனந்தோறும் சொல் வேறுபடுதல். சிஸ்கோ வழக்கில் ட்ரங்க் என்பது பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு. எச்.பி. நிறுவனத்தின் புரோகர்வ் சுவிட்சுகளில் ட்ரங்க் என்பது பல கம்பிகளை ஒன்றாகக் கூட்டி ஒரே இணைப்பாக்குதலைக் குறிக்கும். விலான்களைச் சுமக்கும் போர்ட்டை அந்நிறுவனம் டேக்டு என்னும் சொல்லால் சுட்டியது. ஒரே ஆங்கிலத்தினுள்ளேயே ஒரு சொல் இரு நிலங்களில் இரு பொருள்பட வழங்குவதை இங்குக் காணலாம். ஒரு நிறுவனக் கையேட்டின் 'ட்ரங்க்' என்னும் சொல்லை அப்படியே மற்றொரு நிறுவனக் கருவிக்குக் கொண்டுசெல்லும் மொழிபெயர்ப்பு, பழுதை அகற்றாது. புதிய பழுதை விளைவிக்கும்.

பழுதறிதலின் வரிசைமுறை இவற்றிலிருந்து பெறப்படும். முதலில் கம்பியும் விளக்கும். அடுத்துப் போர்ட் ஆக்சஸ் நிலையில் உள்ளதா, ட்ரங்க் நிலையில் உள்ளதா என்பது. பின்னர் உரிய விலான் அச்சுவிட்சில் உள்ளதா என்பது. அதன்பின் ட்ரங்க் இணைப்பின் இரு முனைகளும் ஒத்துள்ளனவா, அனுமதிப் பட்டியல் முழுமையானதா, நேட்டிவ் விலான் ஒன்றேதானா என்பன. ஒரு முனையை மட்டும் பார்த்து முடிவுசெய்தல் கூடாது என்பது இவ்வரிசையின் உயிர்நிலை.

5. கலைச்சொல் தேர்வு

மேற்கண்ட பழுதுகளைத் தமிழில் விளக்கும்போது எச்சொல் நிற்கும், எச்சொல் தடுமாறும் என்பதை இனி ஆராயலாம்.

5.1 போர்ட்

கணினித்தமிழில் போர்ட் என்பதற்குத் 'துறை' என்னும் சொல் வழங்குகிறது. துறைமுகம், குழித்துறை என்றாற்போல இது பழமையும் அழகும் உடையது. ஆயினும் அலுவலகங்களில் விலான்கள் பெரும்பாலும் பிரிவுவாரியாக, அதாவது துறைவாரியாக அமைகின்றன. 'கணக்குத் துறையின் துறை வேறு துறைக்கு மாறிவிட்டது' என்னும் வாக்கியத்தைக் கேட்பவர் மாறியது எது என அறிய இயலாது. எனவே பழுதறியும் நூல்களில் மக்கள் வழக்கிலுள்ள 'போர்ட்' என்பதையே கொள்ளுதல் தக்கது.

5.2 ஆக்சஸ்

இதற்கு 'அணுகல்' என்பது நேரான பெயர்ப்பாகத் தோன்றும். ஆனால் கணினித்தமிழில் அணுகல் என்பது அனுமதி, கடவுச்சொல் ஆகியவற்றோடு தொடர்புடையதாக நிலைபெற்றுவிட்டது. 'போர்ட் 5 அணுகலில் இல்லை' எனக் கேட்பவர் கடவுச்சொல்லைத் தேடத் தொடங்குவார். போர்ட் ட்ரங்க் நிலையில் உள்ளது என்னும் பொருளை உணரார்.

5.3 ட்ரங்க்

இச்சொல் தமிழருக்குப் பழக்கமானதே. ட்ரங்குப் பெட்டி, கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ், ட்ரங்க் கால் என மூன்று வழிகளில் அது தமிழுக்கு வந்துள்ளது. எல்லைப்புறத்தாருக்கு மூன்றாவது வழி சிறப்பாக விளங்கும். பாறசாலையின் தொலைபேசி திருவனந்தபுரத்தின் 0471 என்னும் குறியெண்ணுள் அடங்கும். அடுத்துள்ள களியக்காவிளையின் குறியெண் 04651. நடந்து கடக்கும் தொலைவாயினும், தரைவழித் தொலைபேசியில் ஊர்க் குறியெண் என்னும் முத்திரையின்றி அழைப்பு அங்குச் செல்லாது. 'தண்டு' எனப் பெயர்ப்பின் இத்தொடர்பு மறையும்; 'ட்ரங்க்' என்றே நிறுத்தினால் நிறுவன வேறுபாட்டால் வரும் மயக்கம் எஞ்சும்.

இவ்விரு சொற்களுக்கும் செயலை அடிப்படையாகக் கொண்ட பெயரே ஏற்றது. ஒரு விலானை மட்டும் சுமப்பது 'ஒருவலைப் போர்ட்', பல விலான்களைச் சுமப்பது 'பல்வலைப் போர்ட்', கம்பிகளைக் கூட்டுவது 'கூட்டிணைப்பு' எனப் பெயரிட்டால் எந்நிறுவனக் கருவிக்கும் பொருள் மாறாது. 'ஒரு முனை ஒருவலை, மறுமுனை பல்வலை' என்னும் வாக்கியம் பழுதைத் தானே உரைக்கிறது. ஒரு விதிவிலக்கு குறிப்பிடத்தக்கது: கணிப்பொறியும் இணையவழித் தொலைபேசியும் ஒரே கம்பியில் இணையும்போது, ஆக்சஸ் போர்ட் குரலுக்கெனத் தனி விலானையும் முத்திரையுடன் சுமக்கும். இதனை 'குரல்வலை சேர்ந்த ஒருவலைப் போர்ட்' என விரித்துரைத்தல் வேண்டும்.

5.4 நேட்டிவ்

இயற்சொல் என்னும் மரபைப் பின்பற்றி 'இயல் விலான்' எனப் பெயரிடுதல் பொருத்தமாகத் தோன்றும். எனினும் கருவி தானாகவே கொண்டிருக்கும் நிலையை, அதாவது டிஃபால்ட் என்பதை, 'இயல்புநிலை' என்னும் வழக்கு முன்பே உள்ளது. சிஸ்கோ கருவியில் 1 ஆம் விலானே தொடக்கத்தில் இரண்டுமாக உள்ளது. ஆயினும் நேட்டிவ் ஒதுக்கீட்டை மாற்றலாம், டிஃபால்ட் விலானை நீக்க இயலாது. 'இயல் விலானை மாற்றுக' என்னும் ஆணையைத் தொலைபேசியில் கேட்பவர் இரண்டனுள் எதனை மாற்றுவார்? ஆகவே மரபின் அழகை இங்கு விட்டுக்கொடுத்து, 'முத்திரையிலா விலான்' எனச் செயலால் பெயரிடுதலே நன்று. முத்திரை என்னும் சொல் மலையாளத்திலும் சிறு ஒலிவேறுபாட்டுடன் வழங்குவதால் எல்லையின் இருபுறத்தும் விளங்கும்.

5.5 'உம்' என்பதும் 'மட்டும்' என்பதும்

பெயர்ச்சொற்களினும் இடைச்சொற்களில் மொழிபெயர்ப்பாளர் மிகுந்த கருத்துச் செலுத்த வேண்டும். 'அலவ்டு விலான் 30' என்னும் ஆணையை '30 ஆம் விலானை அனுமதி' எனப் பெயர்த்தால், முன்பிருந்தவை நீடிக்கும் எனத் தமிழ்ப் படிப்பாளர் கொள்வர். ஆணையின் உண்மைப் பொருள் '30 ஆம் விலானை மட்டும் அனுமதி' என்பது. 'ஆட்' சேர்ந்தவிடத்தே பொருள் '30 ஆம் விலானையும் அனுமதி' என்பது. எச்சவும்மை ஒன்று பல அலுவலகங்களின் இணைப்பைக் காக்கிறது; அது பிழைபட்ட இடத்தில் இணைப்பு அறுகிறது.

5.6 ஆணைச்சொற்கள்

கருவியில் தட்டச்சிட வேண்டிய ஆணைகளைப் பெயர்த்தலாகாது. அவற்றை எழுத்துப்பெயர்ப்பாகத் தந்து, அடுத்த வரியில் தமிழ் விளக்கத்தை அமைத்தல் வேண்டும். ஆணை எந்த நிறுவனக் கருவிக்குரியது என்பதை ஒவ்வோரிடத்தும் குறித்தலும் இன்றியமையாதது. நிறுவனத்தின் பெயரே அச்சொல்லுக்கு முத்திரையாக நிற்கும்.

6. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். போர்ட் ஒதுக்கீட்டுப் பழுதுகளுள் பலவற்றில் கருவி கெடுவதில்லை. இரு முனைகளின் புரிதலே வேறுபடுகிறது. எல்லைப்புறப் பேச்சில் 'வெள்ளம்' என்னும் சொல் பெறும் இருபொருளும் அத்தகைய வேறுபாடே. பொருள் திரியாமை, இனிய ஓசை, மரபு ஆகிய அளவுகோல்களுடன் பழுதறியும் வாக்கியத்தில் மயங்காமை என்னும் அளவுகோலும் கலைச்சொல்லாக்கத்தில் சேர்க்கப்பட வேண்டும். 'துறை', 'அணுகல்', 'இயல்' ஆகியவை பட்டியலில் நிற்பினும் அவ்வாக்கியத்தில் நிற்கவில்லை. ஒருவலை, பல்வலை, முத்திரையிலா ஆகியவை அச்சோதனையில் நிற்கின்றன.

நெய்யாற்றின்கரை, பாறசாலை போன்ற இருமொழிப் பகுதிகளில் இச்சோதனையை இரட்டித்துச் செய்தல் நலம். ஒரு கலைச்சொல் தமிழ் கேட்பவருக்கும் மலையாளம் கேட்பவருக்கும் தொலைபேசி வழியே ஒரே செயலைச் சுட்டுமா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். அவ்வாறு சுட்டாத சொற்களுக்குக் கையேட்டிலேயே விளக்கக் குறிப்புத் தருவது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.